பன்னிரண்டு வயதின் பசி

தவக்காலத்தின் முதல் ஞாயிறு அது. காலைத் திருப்பலி முடிந்து, மறைக்கல்வி வகுப்பிற்காக நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆலயத்தின் பக்கத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார்கள். அன்றைய பாடம் தலையான பாவங்கள் ஏழு. நம் பழைய ஞானோபதேசம் போசனப்பிரியம் என்று பெயரிட்ட பாவத்திற்கு வந்தபோது, எடுத்துக்காட்டைத் தேடி நான் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி, பெட்டிக்கடையில் வாங்கிய ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தை மடியில் மறைத்து வைத்து, ஒவ்வொன்றாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்களில் செம்மஞ்சள் நிறம் ஒட்டியிருந்தது. நான் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். தவக்காலத்தில் ஒரு மணி நேரம் நாவை அடக்க முடியாதவள் நாளை எதை அடக்குவாள் என்று அனைவர் முன்னிலையிலும் கேட்டேன். உப்பும் எண்ணெயும் சாயமும் கலந்த அந்தப் பொருள் உடலுக்கு என்ன தீங்கு செய்யும் என்பதையும் விளக்கினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். சண்டையிட வரவில்லை. நகரியத்தில் ஒப்பந்த முறையில் துப்புரவுப் பணி செய்பவர். வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். "சாமி, நீங்க சொன்னது சரிதான். அது ஒடம்புக்கு ஆவாதுன்னு எனக்கும் தெரியும். நான் அஞ்சரை மணிக்கெல்லாம் கெளம்பிடுறேன். ஞாயித்துக்கெழமயும் வேலைதான். முந்தின நாள் சோறு மிச்சமிருந்தா சாப்பிடுவா. அன்னைக்கி இல்ல. அஞ்சு ரூவா குடுத்துட்டுப் போனேன். அஞ்சு ரூவாய்க்கி வேற என்ன வாங்கிச் சாப்பிடணும்னு நீங்களே அவளுக்குச் சொல்லுங்க சாமி" என்றார்.

அந்தத் தாயின் சொற்களில் ஏளனம் சிறிதும் இல்லை. அவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. பெருந்தீனி என்று நான் தீர்ப்பிட்டது, அச்சிறுமி அன்று உண்ட முதல் உணவு. குருமடத்தில் ஒழுக்க இறையியல் பயின்ற நான், பசியைப் பார்த்துப் போசனப்பிரியம் என்று பெயரிட்டுவிட்டேன். அந்தத் தவறே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நல்ல உணவை உண், உடலைப் பேணு, ஓடி விளையாடு என்று ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லும் உரிமை நமக்கு எப்போது உண்டாகிறது? அதைச் சொல்வதற்குமுன் நாம் செய்திருக்க வேண்டியது என்ன?

நற்பண்பு என்பது தேர்ந்துகொள்ளும் மனத்தின் நிலையான பழக்கம் என்று புனித தோமா அக்குவினா கற்பிக்கிறார். அப்படியாயின், தேர்ந்துகொள்ள இரண்டு பொருள்களாவது முன்னே இருந்தாக வேண்டும். தட்டு நிறைய உணவு இருக்கும்போது போதும் என்று கை கழுவுகிறவரிடம் மட்டுமிதம் என்னும் பண்பைக் காண்கிறோம். வெறும் தட்டின் முன் அமர்ந்திருப்பவரிடம் அதைத் தேடுவது பொருளற்றது. மேலும் உணவில் கட்டுப்பாடு என்பது ஒருவருடைய உடல்நலத்தின் தேவைக்கு ஏற்பவே அமைய வேண்டும் என்றும் அவர் வரையறுக்கிறார். ஆட்சி பற்றி அவர் எழுதிய சிறு நூலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். நல்வாழ்வுக்கு முதன்மையாக வேண்டியது நற்பண்பு; அதற்குக் கருவியாக வேண்டியது உடலுக்குத் தேவையான பொருள்களின் போதிய அளவு; இவ்விரண்டும் மக்களுக்குக் கிடைக்கச் செய்வது ஆள்வோரின் கடமை என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் துறவி ஒருவர், சோறு கிடைப்பதற்கும் ஒழுக்கத்திற்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறார். நான் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவன். ஆயினும் அன்று அந்தத் தாழ்வாரத்தில் அது நினைவிற்கு வரவில்லை.

அந்த ஞாயிறன்று நாம் கேட்ட நற்செய்தியும் பசியைப் பற்றியதே. பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்து பசியுற்ற ஆண்டவர், கற்களை அப்பமாக்கிக்கொள்ளும் சோதனையை மறுத்தார். அதே ஆண்டவர், தம்மைத் தேடிவந்த மக்கள் கூட்டம் பசித்திருந்தபோது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மறையுரை ஆற்றவில்லை. சீடர்களை அழைத்து, உணவளிக்கும் பொறுப்பை அவர்கள் மேலேயே சுமத்தினார். தம் பசியை அடக்கிக்கொண்டவர் பிறர் பசியை அடக்கச் சொல்லவில்லை. நான் அதைத் தலைகீழாக்கிவிட்டேன். காலைத் திருப்பலி முடிந்ததும் எனக்குக் காத்திருந்த இட்டிலியின் நினைவோடு, ஒரு சிறுமிக்கு நோன்பைப் போதித்தேன்.

அன்றிரவு மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தேன். தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் இறந்துவிட்டாள். ஆண்டவர் அவள் கையைப் பிடித்து எழுப்புகிறார். உடனே அவள் எழுந்து நடக்கிறாள் என்று எழுதும் மாற்கு, அவளுடைய வயதையும் குறிப்பிடுகிறார்: பன்னிரண்டு. இறப்பிலிருந்து உயிர்பெற்ற பிள்ளையைச் சூழ்ந்து அனைவரும் மலைத்து நிற்கையில், ஆண்டவர் இரண்டு கட்டளைகள் இடுகிறார். இதை யாருக்கும் அறிவிக்க வேண்டாம் என்பது ஒன்று. சிறுமிக்கு உணவு கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. உயிரைத் திருப்பிக் கொடுத்தவருக்கு அவள் பசியைத் தணிக்க இன்னொரு புதுமை செய்வது அரிதன்று. ஆனால் அதை அவர் செய்யவில்லை. அந்தப் பணியைப் பெற்றோரிடமும் சூழ நின்றவர்களிடமும் விட்டுவிட்டார். உயிர் தருவது இறைவனின் செயல். உணவு தருவது நம் செயல் என்று பிரித்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது. பன்னிரண்டு வயது என்பது நம் கணக்கில் ஏழாம் வகுப்பு. எழுந்து நடந்த கால்களையும் பசித்த வயிற்றையும் ஒரே இடத்தில் நற்செய்தி நினைவுகூர்கிறது.

ஏழாம் வகுப்பு வயதைக் குறித்து நாம் தனியாக எண்ணிப் பார்ப்பதில்லை. கைக்குழந்தையின் பசிக்கு அனைவரும் இரங்குவர். வளர்ந்த மாணவரின் தேர்வைப் பற்றி அனைவரும் கவலைப்படுவர். இடையில் நிற்கும் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எவர் கண்ணிலும் படாமல் வளர்ந்துவிடுகிறார்கள். உடல் விரைந்து நெடிதாகும் பருவம் அது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்குவதால் இரும்புச்சத்தின் தேவை கூடுகிறது. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். அவர்களும் ஒரு காலத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமிகளாய் இருந்தவர்களே.

இந்தக் காலத்தின் விந்தை என்னவெனில், மெலிவும் மிகைநோயும் ஒரே தெருவில், சில வேளை ஒரே உடலில் குடியிருக்கின்றன. 2016-18 இல் நாடு முழுவதும் நடந்த விரிவான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் 24 விழுக்காட்டினர் அளவுக்கு மீறி மெலிந்தவர்கள் என்றும், 5 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையுடையவர்கள் என்றும் கண்டது. அதே கணக்கெடுப்பு, பள்ளி வயதினரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் நீரிழிவின் வாயிற்படியில் நிற்பதையும் காட்டியது. இந்தியக் குழந்தைகள் எடை குறைந்து மெலிந்து பிறந்தாலும் உடலில் கொழுப்பின் விகிதம் மிகுந்திருப்பதைப் புணே நகர மருத்துவ அறிஞர் யாஜ்னிக் பல்லாண்டு ஆய்வில் விளக்கியிருக்கிறார். கருவிலும் இளமையிலும் பட்டினியைக் கண்ட உடல், பின்னர் எண்ணெயும் சர்க்கரையும் மிகுதியாகக் கிடைக்கும்போது அதைத் தாங்குவதில்லை. 2023 இல் வெளியான மருத்துவ ஆய்வு மன்றத்தின் கணக்குப்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல். இதைப் பணக்காரர் நோய் என்று சொல்லும் காலம் போய்விட்டது.

நெய்வேலியில் வாழும் நமக்கு எரிபொருளைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எந்தக் கொதிகலனுக்கு எந்த எரிபொருள், எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதை அறிந்த கைகள் இவ்வூரில் ஆயிரக்கணக்கில் உண்டு. தவறான எரிபொருளைக் கொட்டிவிட்டு, மின்சாரம் வரவில்லையே என்று கொதிகலனைக் கடிந்துகொள்ளும் தொழிலாளி எவரும் இல்லை. பிள்ளைகளின் காரியத்தில் மட்டும் அதைத்தான் செய்கிறோம். காலையில் ஒரு குவளைத் தேநீரும் ஒரு பன்னும் கொடுத்து அனுப்பிவிட்டு, கணக்குப் பாடத்தில் கவனமில்லை என்று கண்டிக்கிறோம்.

1956 ஆம் ஆண்டு இவ்வூர் மக்களுக்கு நெருக்கமானது. நிலக்கரி நிறுவனம் தோன்றிய ஆண்டு அது. அதே ஆண்டில்தான் பெருந்தலைவர் காமராசர் ஏழை மாணவர்களுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். மண்ணுக்கு அடியில் கிடந்த கரியை எடுத்து வீடுகளுக்கு ஒளி தர எண்ணிய ஆண்டே, வகுப்பறையில் வாடிக் கிடந்த வயிறுகளையும் எண்ணியிருக்கிறது. அதற்கும் முன்பே, 1920 இல், நீதிக்கட்சியினர் நிருவாகத்தில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்துப் பார்த்தது. 1982 சூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கினார். முதலில் அது சிறு பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. 1984 செப்டம்பரில்தான் 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கு விரிந்தது. 1989 இல் முட்டை சேர்ந்தது. 2010 இல் வாரத்திற்கு ஐந்து முட்டை என்றாயிற்று. எந்த ஆட்சி வந்தாலும் இந்த அடுப்பு அணைந்ததில்லை. வந்தவர் ஒவ்வொருவரும் அதில் ஒரு விறகு சேர்த்தே சென்றிருக்கிறார்கள். அருகிலுள்ள வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867 இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருப்பதை நாம் அறிவோம். பசித்தவருக்குச் சோறிடுவதைச் சமய வாழ்வின் நடுவில் வைத்த மண் இது. கத்தோலிக்கராகிய நாம் அதற்கு அயலாராக இருத்தல் ஆகாது.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். 2022 செப்டம்பரில் தமிழக அரசு காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என்றே வகுக்கப்பட்டன. 2024 இல் ஊரகப் பகுதிகளிலும், 2025 இல் நகர்ப்புறங்களிலும் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது விரிவடைந்தபோதும் வகுப்பின் எல்லை ஐந்தாகவே இருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நன்மை ஒன்றைத் தொடங்குகிறவர் எங்கேனும் ஓர் இடத்தில்தான் தொடங்க இயலும். 1982 இல் சிறியோரிடம் தொடங்கியது 1984 இல் பெரியோரை எட்டியதல்லவா? ஆனால் அண்ணனும் தங்கையும் ஒன்றாய்ப் புறப்படும் வீட்டை எண்ணிப் பாருங்கள். நான்காம் வகுப்புத் தங்கைக்குப் பள்ளியில் பொங்கல் காத்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த அண்ணனுக்கு மதியம் வரை காத்திருப்பு. ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு பசியும் தேர்ச்சிபெற்று விடைபெறுவதில்லை. அரசின் கை எட்டாத இடைவெளி ஒன்று தெரியுமானால், அங்கே அக்கம்பக்கத்தாரின் கை நீள வேண்டும். அன்பியங்கள் என்று நாம் பெயரிட்டு அழைப்பது அக்கம்பக்கத்தைத்தான்.

உணவைப் பற்றிச் சொன்னது விளையாட்டுக்கும் பொருந்தும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நெய்வேலி நகரியத்தைப் பார்த்தவர்கள், இங்கே அதற்கு என்ன குறை என்று வியப்பார்கள். வட்டம் வட்டமாக வகுத்து அமைத்த ஊர், அகன்ற சாலைகள், இருபுறமும் மரங்கள், திடல்கள். ஆனால் நகரியத்தின் எல்லையைத் தாண்டி, ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளுக்குள் நுழைந்தால், பிள்ளைகள் விளையாடும் இடம் லாரிகள் செல்லும் சாலையின் ஓரம். திடலில் பந்தடிக்க யாரும் தடை விதிக்கவில்லை என்பது உண்மை. எனினும், தன் தாய் கூட்டிப் பெருக்கும் தெருவில் சென்று விளையாட ஒரு பிள்ளையின் கால் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை எந்த அறிவிப்புப் பலகையும் போக்காது.

பள்ளிகளிலும் உடற்கல்விப் பாடவேளை பல சமயங்களில் கணக்கிற்கோ அறிவியலுக்கோ தாரை வார்க்கப்படுவதை நம் பிள்ளைகளே சொல்வார்கள். நாமும் அதைப் பெருமையாகவே எண்ணுகிறோம். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். வயதுக்கு வந்தவுடன் அவர்கள் ஓட்டம் நின்றுவிடுகிறது. யாயிரின் மகளை எழுந்து நடக்கச் செய்த ஆண்டவரை வணங்குகிற நாம், அதே வயதில் நம் மகளை உட்காரச் சொல்கிறோம்.

விளையாட்டை வீண் பொழுது என்று கருதுவது நம் மரபின் போதனை அன்று. உடல் உழைப்பால் களைப்பதுபோல மனமும் களைக்கும்; அக்களைப்புக்கு மருந்து விளையாட்டு என்று எழுதும் தோமா அக்குவினா, பழந்துறவியர் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சியையும் எடுத்தாள்கிறார். திருத்தூதர் யோவான் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு ஒருவர் இடறலுற்றாராம். யோவான் அவர் கையிலிருந்த வில்லை வளைத்து அம்பு எய்யச் சொன்னார். இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனமும் அப்படியே என்றார் யோவான். புனித தொன் போஸ்கோ துரின் நகரின் ஏழைச் சிறுவர்களை மந்திரித்தும் மிரட்டியும் இழுக்கவில்லை. முற்றத்தைத் திறந்துவிட்டு, தாமும் அங்கி பறக்க அவர்களோடு ஓடினார். அவருடைய சபையினர் 1906 இல் தஞ்சைக்கு வந்து பணி தொடங்கியதிலிருந்து, ஆலயத்திற்கு அருகே ஆடுகளம் என்பது தமிழகத் திருஅவைக்குப் புதிதன்று. இன்று பல பங்குகளில் அந்த ஆடுகளம் வாகன நிறுத்தமாகவோ திருமண மண்டபமாகவோ மாறிவிட்டது.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு ஒருவர் இவ்வாறு வாதிடலாம்: 'அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு அறிவுரையே வேண்டாம். உணவைக் கொடுங்கள், திடலைத் திறந்துவிடுங்கள், போதும். எதைத் தின்ன வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று சொல்வது மேட்டிமை.' இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. உடுக்க உடையும் உண்ண உணவும் இல்லாதவரைப் பார்த்து வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்புவதால் பயன் என்ன என்று தூய யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வினவுகிறார். கொடாமல் போதிப்பது இறந்துபோன நம்பிக்கை.

ஆனால் மறு பாதியை என்னால் ஏற்க இயலவில்லை. ஏழை என்பதாலேயே ஒரு பிள்ளைக்குத் தெரிவு செய்யும் அறிவும் ஆற்றலும் இல்லை என்று கருதுவது இரக்கத்தின் உருவில் வரும் அவமதிப்பு. தானியேல் நூலின் முதல் அதிகாரத்தில் வரும் இளைஞர்கள் சிறைப்பட்டு அந்நிய நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். தங்கள் பெயரைக்கூடக் காத்துக்கொள்ள முடியாதவர்கள். அவர்களே அரச உணவை மறுத்து, பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் உண்டு சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். அடிமைநிலையிலும் தட்டின் முன் அவர்களுக்கு ஒரு விடுதலை இருந்தது. ஆயினும் அவர்கள் கேட்ட காய்கறியை ஒருவர் நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும் திருவிவிலியம் மறவாமல் குறிக்கிறது. கொண்டுவருபவர் இல்லையேல் அந்தத் தெரிவும் இல்லை.

திருஅவையின் சட்டம் இந்த இரண்டையும் ஒருசேரக் காக்கிறது. இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்தவர்களுக்கே. நோன்பிருக்கும் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கே. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் திருஅவை நோன்பைக் கேட்கவில்லை. அதே சட்டம், அவ்வயதினருக்குத் தவத்தின் உண்மைப் பொருளை உணர்த்தும் கடமையை மேய்ப்பர்கள்மீதும் பெற்றோர்மீதும் சுமத்துகிறது. சுமையை ஏற்றாதே, ஆனால் கற்றுக்கொடு என்பதே அதன் கருத்து. அந்த ஞாயிறன்று நான் கற்றுக்கொடுக்காமல் சுமையை ஏற்றினேன்.

எங்கள் பங்கில் நாங்கள் செய்து பார்த்த சிறு முயற்சிகளைச் சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, தவறிய இடங்களும் அவற்றில் உண்டு. ஞாயிறு மறைக்கல்விக்குப் பின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த இனிப்பு ரொட்டிப் பொட்டலத்தை நிறுத்தினோம். அன்பியங்கள் முறைவைத்து, திருப்பலி முடிந்ததும் வகுப்பிற்கு முன்பே, வேகவைத்த நிலக்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ முருங்கைக்கீரை சேர்த்த கேழ்வரகு அடையோ கொடுத்தார்கள். உடன் ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யாத் துண்டு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க நெல்லியும் எலுமிச்சையும் துணைசெய்யும் என்பதையும், உணவோடு அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும் என்பதையும் அருட்சகோதரி ஒருவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற மாத்திரையை வெளியே எறிந்துவந்ததாகச் சிலர் அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். சுற்றிலும் பண்ருட்டியின் பலாவும் முந்திரியும், வயல்களில் கடலையும் விளையும் நாட்டில் நாம் வாழ்கிறோம். நல்ல உணவு என்றதும் தொலைக்காட்சியில் காட்டும் விலையுயர்ந்த மாவை எண்ணிக்கொண்ட தாய்மார்களுக்கு, தங்கள் பாட்டிமார் உண்டது ஏழ்மையின் அடையாளம் மட்டும் அன்று என்று அறிவது ஆறுதலாய் இருந்தது.

பெட்டிக்கடை எங்களைத் திகைக்க வைத்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்றல் ஆகாது என்று 2020 இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. பங்குப் பேரவையில் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டி, ஆலயத்தின் எதிரிலுள்ள கடையையும் அப்படியே அகற்றவேண்டும் என்றார். கடையை நடத்துபவர் நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண். அந்தப் பொட்டலங்களை விற்றே தம் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். ஒரு பிள்ளையின் நலத்திற்காக இன்னொரு பிள்ளையின் சோற்றைப் பிடுங்க முடியுமா? அவரிடமே கேட்டோம். "பொட்டலம் ஆறு மாசம் ஆனாலும் கெடாது சாமி. வாழப்பழம் ரெண்டு நாள்ல கறுத்துடும். நட்டத்த யாரு ஏத்துக்குவா?" என்றார். நியாயமான கேள்வி. ஏழைகளைச் சுற்றிக் கெடாத பொருள்களே குவிவதற்கு அந்த ஒரு சொல்லே காரணம்: நட்டம். முதல் மூன்று மாதம் விற்காத பழத்தின் விலையைப் பேரவை ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. இப்போது வாழைப்பழமும் கடலைமிட்டாயும் முன்வரிசையில் இருக்கின்றன. பொட்டலங்கள் பின்வரிசையில் தொங்குகின்றன, முற்றிலும் மறைந்துவிடவில்லை.

மாலையில் ஆலய வளாகத்தை ஒரு மணி நேரம் விளையாட்டுக்குத் திறந்தோம். வாரத்தில் இரண்டு நாள் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கினோம். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். தாய்மார் சிலர் வந்து ஓரத்தில் அமர்ந்துகொண்டதால் அது அடங்கியது. பிறகு அவர்களுள் இருவர் தாமே கயிறு தாண்டினார்கள். தேர்வுக் காலம் வந்ததும் கூட்டம் கரைந்தது. தேர்வு முடிந்தும் பலர் திரும்பவில்லை. மறுபடி அழைக்க வேண்டியிருக்கிறது. நற்செயல் எதுவும் ஒருமுறை தொடங்கிவிட்டால் தானே நடக்கும் என்பது என் நீண்ட நாளைய மயக்கம்; அது இப்போது தெளிந்திருக்கிறது.

அன்பார்ந்த வாசகர்களே, நம் உடல் தூய ஆவியின் கோவில் என்று தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இந்தச் சொல்லை நாம் பெரும்பாலும் கற்பைப் பற்றிய மறையுரைகளிலேயே கேட்டிருக்கிறோம். கோவிலைக் கட்டவும் புதுப்பிக்கவும் நன்கொடை திரட்டுவதில் நம் மக்களுக்கு நிகர் இல்லை. கூரை ஒழுகினால் மறுவாரமே கூட்டம் கூட்டுகிறோம். சதையும் எலும்புமாக நம் நடுவில் வளர்ந்துவரும் கோவில்களுக்குச் செங்கல் எது, சுண்ணாம்பு எது என்று எந்தப் பேரவைக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? திருவிழாச் செலவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்தால், ஒரு பங்கின் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் காலைச் சுண்டல் ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. அந்தக் கணக்கை அந்தந்தப் பங்கின் பொருளாளரிடமே விட்டுவிடுகிறேன்.

தாய் வந்துபோன அடுத்த ஞாயிறு, அதே தாழ்வாரத்தில், அதே பிள்ளைகள் முன்னிலையில், நான் சொன்னது தவறு என்று அறிவித்தேன். பசித்தவர் உண்பது பாவமன்று என்றேன். அச்சிறுமி தலைகுனிந்தே இருந்தாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் ஓடியபின் அவள் மட்டும் நின்றாள்.

"அப்போ அதத் தின்னது பாவம் இல்லியா சாமி?"

"இல்லையம்மா. ஆனால் அது உனக்கு நல்லதும் இல்லை."

சற்று நேரம் யோசித்தாள். "அப்போ எது சாமி நல்லது?"

கடலை, கீரை, பழம், முட்டை என்று நான் விரல்விட்டுச் சொன்னேன். அவள் பொறுமையோடு கேட்டாள். கேட்டுமுடித்ததும், தாய் கொடுத்த ஐந்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினாள். இதில் இவற்றுள் எது என்று அவள் கண்கள் கேட்டன. நல்லது எது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அது அந்த உள்ளங்கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பதே ஆண்டவர் நம்மிடம் கேட்கவிருக்கும் கணக்கு. எட்டும்படி செய்த பிறகு அவளுக்கு மட்டுமிதத்தைப் போதிப்போம். அப்போது அவள் அதைக் கேட்பாள் என்று நம்புகிறேன்.